நான்காம் எண் கேன்

மார்ச் 2: கோண இரும்பு, இரண்டங்குலம், இருபது அடி. 310.
மார்ச் 4: இரும்பு கேன், இருபது லிட்டர் பிடிப்பது, நான்கு. 480.
மார்ச் 5: வெல்டிங் ராடு, ஒரு பாக்கெட். 95.
மார்ச் 9: போல்ட், நட், ரப்பர் வாஷர், பன்னிரண்டு ஜோடி. 54.
மார்ச் 11: வெள்ளை பெயிண்ட் கால் லிட்டர், பிரஷ் ஒன்று. 38.
மார்ச் 12: தண்ணீர், எண்பது லிட்டர். செலவில்லை.
மார்ச் 13: டீசல், இருபது லிட்டர். வாங்கவில்லை.

1992ஆம் வருஷத்துக் கணக்கு இது. கடைசி இரண்டு வரிகளுக்குக் காசு எதுவும் ஆகவில்லை. ஆனால் அரைநூல் தன் ஆயுளில் பட்ட கவலையில் பாதியை அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் பட்டார்.

அரைநூல் என்பது பட்டறைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர். பஸ் டிப்போவுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை ஒன்றில் அவர் வெல்டிங் வேலை செய்துவந்தார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மற்ற பட்டறைகளில் இரண்டு நூல் கூடினாலும் குறைந்தாலும் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிச் சரிக்கட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் அரை நூல் பிசகினாலும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்தால் சொன்ன நாளில் எந்த வேலை முடியும்? "அரைநூல்கிட்ட குடுத்தா வேலை பிசகாது, தேதிதான் பிசகும்" என்று லாரிக்காரர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் முகமூடியைத் தூக்காமலே, "அவசரம்னா அடுத்த தெருவுல ஒரு பட்டறை இருக்கு" என்பார். யாரும் அடுத்த தெருவுக்குப் போனதில்லை.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒரே அக்கா. பத்து வயது மூத்தவள். தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியதும், பள்ளிக்கூடம் ஒத்துவராது என்று தெரிந்ததும் வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியதும் அவள்தான். முப்பது வருஷம் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தவள். எண்ணெயோ பாலோ, சட்டியில் விழுவதற்கு முன்னால் அவள் மூக்குக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகவேண்டும். அத்தான் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். லேபிள் இல்லாத புட்டியைத் தொடமாட்டார். லேபிள் இருந்தால் சந்தேகப்படமாட்டார்.

அத்தான் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியை வாங்கினார். அதன் முதுகில் தூக்கி உட்காரவைக்க ஒரு பெட்டி வீட்டையும் வாங்கினார். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே கட்டில், உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, குளிருக்கு ஒரு ஹீட்டர், மடக்கினால் பெஞ்சாகிற மேஜை, முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாத ஒரு கழுவுதொட்டி. இதில் இரண்டு பேரும் நாட்டின் அந்தப் பக்கத்துக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். மகள் அங்கேதான் குடியிருந்தாள்.

நடுவில் இருந்தது வெட்டவெளி. லாரிக்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். கடைசி பங்க்கிலிருந்து அடுத்த பங்க்குக்கு எழுநூற்றெண்பது கிலோமீட்டர். இடையில் மரமில்லை, கடையில்லை, டெலிபோன் இல்லை. வண்டியின் டேங்க் எண்பது லிட்டர் பிடிக்கும். முதுகில் வீட்டைச் சுமந்தால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், ஆக நானூற்றெண்பது. மீதி முந்நூறுக்கு ஐம்பது லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் கேன் மூன்று போதும். நான்காவது, எதிர்காற்றுக்கும் மணலுக்கும்.

கேனை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு ஓடியது.

"மேல கட்டிடலாமே மச்சான். மேல எவ்வளவு இடம் சும்மா கெடக்கு" என்றார் அத்தான்.

"மேல எழுபது எண்பது கிலோவை ஏத்தினா வளைவுல வண்டி சாயும் அத்தான். பாத்திரம் பண்டமெல்லாம் உங்க தலையிலதான் வந்து விழும்."

"விழட்டும்டா, உள்ள ஏதாவது இருக்கான்னு சத்தத்துல தெரியும்" என்றாள் அக்கா.

அத்தான் அவளைக் கவனிக்காததுபோல, "அப்போ உள்ள, கட்டிலுக்குக் கீழ?" என்றார்.

"கட்டிலுக்குக் கீழ டீசல், ரெண்டடி தள்ளி அடுப்பு. அந்த வேலையை என் கையால செய்யமாட்டேன்."

இடது பக்கச் சுவரில் ஹீட்டரின் சூடு வெளியேறுகிற ஓட்டை இருந்தது, அங்கே கூடாது. பின் சுவர் மெல்லிய தகரம், உள்ளே மரச்சட்டம்; அதில் திருகாணி போட்டு எடையைத் தொங்கவிட்டால் சுவரே கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, அரைநூல் ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இரண்டு கை நீட்டி, அதில் ஒரு கூண்டு செய்து, கேன்களை அதில் நிறுத்துவது. கூண்டு பெட்டி வீட்டைத் தொடவே கூடாது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. வண்டி ஒரு ஆட்டம் ஆடும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வீடு வேறு ஆட்டம் ஆடும். இரண்டையும் ஒரே இரும்பால் பிடித்தால் நூறு கிலோமீட்டருக்குள் எங்காவது விரிசல் விட்டுவிடும்.

கூண்டு செய்யும் வேலை நடந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பெட்டி வீட்டின் அலமாரியில் பால் பவுடர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால்.

"முதல்ல வந்த சரக்கு முதல்ல போகணும் மச்சான். இல்லைன்னா பழசு உள்ளயே கெடந்து செத்துப்போகும். கடையில முப்பத்தெட்டு வருஷம் இதுதான் எனக்குச் சட்டம்."

"வீட்டுலயும் அதே சட்டம்தான்" என்றாள் அக்கா. "முந்தாநாள் வச்ச குழம்பு தீர்ற வரைக்கும் இன்னைக்கு வச்சதுல கரண்டி போட விடமாட்டாரு."

அரைநூல் அன்றைக்குச் சிரித்தார். ஆறு நாள் கழித்து அதே பேச்சு அவரைப் பதறவைக்கப்போகிறது என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

எடை தாங்குமா என்று பார்க்க அவர் எப்போதும் தண்ணீரைத்தான் ஊற்றுவார். தீப்பொறி பறக்கிற கொட்டகைக்குள் டீசலுக்கு இடம் கிடையாது. அதோடு தண்ணீர் டீசலைவிடக் கனம். தண்ணீரைத் தாங்கின கூண்டு டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கும். தண்ணீர் ஊற்றின கேனின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் தகட்டைக் கம்பியில் கோத்து மாட்டுவார். கேனைக் கவிழ்த்துக் காலி செய்ததும் தகடு சுவரில் உள்ள ஆணிக்குப் போகும். ஆணியில் தகடு இருந்தால் கேன் காலி. கைப்பிடியில் இருந்தால் உள்ளே தண்ணீர். இந்த வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவராக ஏற்படுத்திக்கொண்டது.

மார்ச் 12ஆம் தேதி நான்கு கேனிலும் தண்ணீர் நிரப்பி, டிப்போவுக்குப் பின்னால் இருந்த குண்டும் குழியுமான பாதையில் வண்டியை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தார். ஒரு போல்ட்கூட அசையவில்லை. மத்தியானம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேன்களைக் காலி செய்து, துடைத்து, தகட்டை ஆணியில் மாட்டி, வெள்ளை பெயிண்டில் 'டீசல்' என்று எழுதி எண் போட்டார். நான்காவது கேனைத் தரையில் எடுத்து வைத்தபோது அக்கா ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயை ஊற்றவில்லை.

"தம்பி, வீட்டைக் காலி பண்ணிட்டோம்டா."

"எந்த வீட்டை?"

"எனக்கு என்ன ஏழு வீடா இருக்கு? சாவியைக் குடுத்தாச்சு. பொண்ணுக்கும் ரெண்டு குழந்தையாச்சு, கூட இருங்கம்மான்னு கூப்பிடறா. திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகுமோ, மூணு வருஷம் ஆகுமோ."

"சுத்திப் பாக்கப் போறேன்னுதானே சொன்ன?"

"சுத்திப் பாத்துக்கிட்டே போய்ச் சேர்ந்திடறோம். முன்னாடியே சொன்னா நீ கூண்டை இந்த வருஷம் முடிப்பியா? அறுத்து அறுத்துப் போட்டுக்கிட்டே இருந்திருப்ப."

அவர் கையில் பிரஷ் இருந்தது. நான்காவது கேனில் எழுத வேண்டிய இடத்தில் சிவப்புத் தகடு குறுக்கே தொங்கியது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு 'டீசல்' என்று எழுதினார். கீழே 4 என்று போட்டார். எழுதிவிட்டுக் கொட்டலாம் என்று நினைத்தார். எழுதி முடித்தபோது அக்கா எழுந்துவிட்டாள். அவளோடு கொட்டகை வாசல் வரை போனார். டிப்போ முனை வரைக்கும் போனார். திரும்பி வந்தபோது பெயிண்ட் காய்ந்திருந்தது. நான்கு கேனையும் தூக்கிக் கூண்டில் நிறுத்தினார். நான்காவது கனத்திருக்கும், கனத்தது அவர் மனதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் எல்லாமே கனமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வண்டியை எடுக்க இரண்டு பேரும் வந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வர்றேன் அத்தான். ஒரு கேன் டீசல் என் செலவு. நானே போட்டுத் தர்றேன்."

"காலையிலன்னா எந்த மாசத்துக் காலைடா?" என்று கேட்டாள் அக்கா. அத்தான் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் அவர் போனபோது காலி வீட்டு வாசலில் வண்டி இல்லை. வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். சொன்ன வார்த்தையை இந்த முறையும் காப்பாற்றவில்லையே என்கிற கூச்சம் மட்டும்தான் அன்று முழுவதும் அவருக்கு இருந்தது. அந்தக் கூச்சத்துக்காகப் பிறகு எத்தனை தடவை ஏங்கியிருப்பார்!

14ஆம் தேதி, சனிக்கிழமை. துவைக்க உட்கார்ந்த மனைவி ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க, இதையெல்லாம் சட்டைப் பையில வச்சா துணி கிழியாதா?"

அவள் கையில் சிவப்புத் தகடு இருந்தது.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் பட்டறைக்கு நடந்தார். ஆணியில் மூன்று தகடு. விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். மூன்றுதான். கொல்லைப்புறச் சாக்கடையில் தண்ணீர் கொட்டின தடம் காய்ந்து கிடந்தது. தடத்தைப் பார்த்தால் மூன்று கேனா நான்கு கேனா என்று தெரியுமா என்ன? ஆனாலும் குனிந்து பார்த்தார்.

கேனில் 'டீசல்' என்று அவர் கையெழுத்தே இருக்கிறது. உள்ளே தண்ணீர். லேபிளைச் சந்தேகப்படாத மனிதர். அதுவும், ஒரு கேன் என் செலவு என்று வேறு சொல்லியாகிவிட்டது.

லாரிக்காரர்கள் கரிக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதிவைத்திருந்த நம்பர்களில் கடைசி பங்க்கின் நம்பரும் இருந்தது. டிப்போ வாசல் டெலிபோன் கடையில் மூன்றாவது முயற்சியில் ஒரு பெண் குரல் கிடைத்தது. பங்க்கை நடத்துகிற அம்மாள் அவள்தான்.

"முதுகுல வீடு வச்ச வண்டியா? நேத்து சாயங்காலம் வந்தாங்க. இங்கதான் தூங்கினாங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பிட்டாங்களே. உங்களுக்கு என்ன வேணும்?"

"கேன்... கேன்ல டீசல் போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க. மூணு கேன். நாலாவதுலயும் போடட்டுமான்னு கேட்டேன். அதைத் தூக்கிப் பாத்துட்டு, இது ஏற்கெனவே ஃபுல்லு, என் மச்சான் போட்டுக் குடுத்ததுன்னு சொன்னாரு. என்ன ஒரு பெருமைங்கறீங்க! நல்ல மச்சானா இருப்பாரு போல."

அரைநூல் டெலிபோன் கடையின் மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அத்தானின் பால் பவுடர் டப்பாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. முதலில் வந்த சரக்கு முதலில் போகணும். மூன்று கேன் நேற்று நிரப்பியது. நான்காவதுதான் பழைய சரக்கு. அத்தான் கை முதலில் எதை எடுக்கும்? யோசிக்கவே வேண்டாம்.

"அம்மா, அந்த நாலாவதுல இருக்கறது தண்ணி. நான்தான் அந்த மச்சான்."

"ஐயய்யோ" என்றாள் அவள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இருங்க. பதறாதீங்க. உப்பு லாரி ஒண்ணு இங்க நிக்குது, இப்போ கிளம்பப் போகுது. வேகமா போறவன்தான். எழுதிக் குடுத்து விடறேன். நடுவுல எங்கயாவது நிறுத்திச் சாப்பிட்டாங்கன்னா பிடிச்சிடலாம்."

அவரே கிளம்பிப் போகலாம் என்றால், கடைசி பங்க்கே ஐந்நூறு கிலோமீட்டர். அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் அவர்கள் டேங்க் வற்றியிருக்கும்.

அன்றைக்கு அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. டீசல் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை. முதலில் இருமும். பிறகு நிற்கும். டேங்கை இறக்கி, குழாயெல்லாம் கழற்றித் துடைத்து, பம்ப்பைப் பிரித்தால் ஒழிய மறுபடி ஓடாது. அந்த வெட்டவெளியில் பிரிக்க யார் இருக்கிறார்கள்? பெட்டி வீட்டில் குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? அக்காவின் ரத்தக் கொதிப்பு மாத்திரை இருக்கிறதா? மாத்திரை இருக்கும், அத்தான் அதில் குறை வைக்கமாட்டார். வெயில்? தகரப் பெட்டிக்குள் மத்தியானம் எப்படி இருக்கும்?

மனைவி தட்டில் போட்டு வைத்ததை அப்படியே மூடி வைத்தாள். "சாப்பிடாம இருந்தா தண்ணி டீசலா மாறிடுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சாப்பிடவில்லை.

15ஆம் தேதி சாயங்காலம் அவர்கள் அந்தப் பக்கத்து பங்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே போன் செய்தார். அப்படி எந்த வண்டியும் வரவில்லை என்றார்கள். 16ஆம் தேதி காலையிலும் வரவில்லை. சாலையைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்குப் போன் செய்தார். வண்டி மூன்று நாள் தாமதமானால்தான் தேட ஆள் அனுப்புவது வழக்கம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பங்க் அம்மாளுக்குப் போன் செய்தார். உப்பு லாரி திரும்பிவிட்டதாம். முந்நூறாவது கிலோமீட்டரில் உப்பளத்துக்குப் பாதை பிரிகிறது. அதுவரைக்கும் அவன் கண்ணில் எந்த வண்டியும் படவில்லை. அவள் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று மத்தியானம் தபால்காரர் அக்காவின் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே பிரித்தார். ஆனால் அது 13ஆம் தேதி ராத்திரி கடைசி பங்க்கில் எழுதியது. தபால் பஸ்ஸில் வந்திருந்தது.

'அன்புள்ள தம்பிக்கு, சௌகரியமாக வந்து சேர்ந்தோம். உன் கூண்டு ஆடவில்லை, வீடுதான் ஆடுகிறது, அதற்குள் நானும் ஆடுகிறேன். நாலாவது கேனில் டீசல் நிரம்பியிருப்பதைப் பார்த்து உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் என்று சொல்லிவிட்டு முதல் நாளே செய்திருக்கிறான் பார், நீதான் அவனைக் குறை சொல்வாய் என்று என்னைப் பிடித்து வாங்கிவிட்டார். எனக்குத்தான் நம்ப முடியவில்லை.'

அவர் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறாள். வெறும் பேச்சுக்கு எழுதினாளா? அக்கா எதையும் வெறும் பேச்சுக்குச் சொல்பவள் இல்லை. ஆனால் அத்தான் முந்திக்கொண்டு கேனை எடுத்து ஊற்றியிருந்தால் அவள் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன?

"போங்க" என்றாள் மனைவி. "இங்க உக்காந்து அந்தக் காகிதத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. போய்ப் பாருங்க. அங்க உங்களுக்குக் கையாவது வேலை இருக்கும்."

17ஆம் தேதி விடியும்போது கிளம்பினார். பழைய பிக்கப்பில் ஸ்பானர் பெட்டி, பம்ப் பிரிக்கும் சாமான், இரண்டு பேருக்குத் தண்ணீர், ஒரு காலி இரும்பு கேன், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா எல்லாம் ஏற்றியிருந்தார். பெயிண்ட் டப்பாவை ஏன் ஏற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டைப் பையில் தகடும் இருந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஒரு பெட்டி வீடு கயிற்றில் இழுபட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். வரவும் கூடாது என்று இருந்தது, வரவேண்டும் என்றும் இருந்தது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் கடைசி பங்க் தெரிந்தது. ஒற்றைக் கொட்டகை, இரண்டு பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் வண்டியைத் திருப்புவதற்குள் ஒரு பருத்த அம்மாள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நல்லதற்கு ஆட்டுகிறாளா கெட்டதற்கு ஆட்டுகிறாளா? பிரேக்கை மிதித்த காலை அவர் எடுக்கவில்லை.

"நீங்கதானே மச்சான்? உள்ள வாங்க, உள்ள வாங்க. உங்க அக்கா அந்தப் பக்கத்து பங்க்குல இருக்காங்க. நீங்க கிளம்பினதை உங்க ஊர் டெலிபோன் கடையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, மணிக்கு ஒரு தடவை போன் பண்ணி எங்க வந்தான், எங்க வந்தான்னு என் உயிரை எடுக்கறாங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்புக் காற்றில் கண் எரிந்தது; துடைத்துக்கொண்டார்.

கொட்டகைக்குள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தார். கரகரப்புக்கு நடுவே அந்தக் குரல்:

"டேய், தண்ணிக்கு எதுக்குடா டீசல்னு பேர் வச்ச?"

"அக்கா..."

"அழாத. காசு ஓடுது. கேளு. நானூத்தி அம்பதாவது கிலோமீட்டர்ல டேங்க் காலி. இவரு புனலும் கையுமா இறங்கி, நேரா நாலாம் நம்பரைத் தூக்கறாரு. பழைய சரக்காம். நான் சொன்னேன், கொஞ்சம் இருங்க, மூடியைத் தொறங்க, மோந்து பாக்கணும்னு. லேபிள்தான் போட்டிருக்குல்லன்னாரு. லேபிள் எழுதினது என் தம்பி, அதனாலதான் மோந்து பாக்கணும்னேன். கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போய் நின்னாரு. நானே தொறந்தேன். வாசனையே இல்லை. கையில ஊத்திப் பாத்தா, தண்ணி."

"அப்புறம் ஏன் இத்தனை நாள்?"

"எதிர்காத்துடா. சும்மா அடிச்சு அடிச்சு. மூணு கேனும் தீர்ந்து, இங்க வர முப்பது கிலோமீட்டர் இருக்கையில வண்டி நின்னுடுச்சு. ஒண்ணரை நாள் உக்காந்திருந்தோம். இன்னைக்குக் காலையிலதான் ஒரு லாரிக்காரன் டீசல் குடுத்தான். குடிக்கத் தண்ணி இருந்துச்சு, பயமில்லை. உன் நாலாம் நம்பர்ல உங்க அத்தான் ரெண்டு தடவை குளிச்சாரு. மச்சான் வாக்குல குளிக்கிறேன்னு ஒரே பாட்டு."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீ என்னை நம்பலை. அதான் பிழைச்சீங்க" என்றார்.

"யாரு நம்பாதது? காலையில வர்றேன்னு சொன்ன நீ முதல் நாளே செஞ்சிருக்கமாட்டேன்னு எவ்வளவு நம்பியிருந்தா மூடியைத் தொறப்பேன்! அம்பது வருஷமா பாக்கறேன்டா. நீ ஒரு நாள் மாறியிருந்தாலும் நாங்க அங்கயே கெடந்திருப்போம்."

பின்னால் அத்தான் ஏதோ சொன்னார். "என்னவாம்?" என்று கேட்டார் அரைநூல்.

"ஒரு கேன் டீசல் பாக்கின்னு சொல்றாரு. வெக்கங்கெட்ட மனுஷன்."

போனை வைத்ததும் அவர் வண்டியிலிருந்து காலி கேனை இறக்கினார். பம்ப்பில் டீசல் நிரப்பினார். மூடியைத் திறந்தபடியே வைத்து மூக்கைக் கொண்டுபோய் மோந்தார், மூக்கு எரிந்தது, மறுபடியும் மோந்தார். மூடியை இறுக்கினார். அதற்குப் பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கிக் கலக்கி, 'டீசல்' என்று எழுதினார். பங்க் அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாரும் எழுதிட்டு ஊத்துவாங்க."

"நானும் அப்படித்தாம்மா இருந்தேன்."

அந்தப் பக்கம் போகிற சிமெண்ட் லாரி ஒன்றில், அக்கா மகள் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்து, கேனை ஏற்றிவிட்டார். சாய்ந்துவிடாமல் மூன்று இடத்தில் கயிறு கட்டினார். லாரிக்காரர், "ஒரு கேனுக்கு இவ்வளவு கட்டா?" என்றார். அரைநூல் நான்காவதாக ஒரு கட்டும் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதற்குப் பிறகும் அவர் பதினோரு வருஷம் பட்டறை நடத்தினார். தேதி பிசகுவது நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் காலியாகாத கேனில் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. மூன்று தகடும் ஆணியிலேயே இருந்தன. நான்காவதைப் பெயிண்ட் அலமாரிக் கதவில் கைப்பிடிக்கு மேலே ஆணி அடித்துப் பொருத்திவிட்டார். பிரஷை எடுக்கப் போகிறவன் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்க முடியாது.

அக்கா அந்த ஊரில் மகள் வீட்டில் தங்கிவிட்டாள். விரைவிலேயே அங்கே டெலிபோன் வந்துவிட்டதால் பிறகு கடிதம் எழுதுவதை விட்டுவிட்டாள். அவள் கடைசியாக எழுதியது நாலே வரி. 'டீசல் வந்து சேர்ந்தது. உன் அத்தான் மோந்து பார்த்துத்தான் ஊற்றினார். இப்போது பால் பவுடரையும் மோந்து பார்க்கிறார். வண்டி இருமவில்லை.' அந்தக் கடிதம் வந்தது 1992 ஏப்ரல் 6, திங்கட்கிழமை.